ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை தட்டு

"மொத்த மதிப்பெண் சராசரி 3.5க்குக் குறைவாக உள்ள விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படமாட்டா. முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை."

இது ஒரு நிறுவனத்தின் விதி. என் மகள் கீர்த்தனாவின் சராசரி 2.9. முன் அனுபவம் என்றால், தீபாவளி நேரத்தில் தேக்கா கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் மூன்று வாரம் சேலை மடித்திருக்கிறாள். விதி விதியாக நடந்திருந்தால் நம் கோயில் மலரின் இந்தப் பக்கத்தில் ஏதாவது நகைக்கடை விளம்பரம் வந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று அம்மனின் அடியார்களாகிய உங்களுக்குச் சொல்லவே எழுதுகிறேன். இரண்டு பக்கத்துக்குள் எழுதச் சொன்னார்கள். பார்ப்போம்.

முதலில் என்னைப் பற்றி. ஓர் அரசாங்க அலுவலகத்தின் பணியாளர் பிரிவில் முப்பத்தாறு ஆண்டு இருந்தேன். ஆள் எடுப்பதும் ஆள் எடுக்காமல் இருப்பதும் என் வேலை. இரண்டாவதுதான் அதிகம். மேலே உள்ளதைப் போன்ற வாக்கியங்களை நானே எழுதியிருக்கிறேன். ஒரு படிவத்தைப் பார்த்தால், எந்தக் கட்டத்தில் ஆள் தடுக்கி விழுவான் என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்று ஆறு ஆண்டு ஆகிறது. ஈசூனில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் யாருக்கு எந்த இலாகாவிலிருந்து கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். எனக்கு அதில் பெருமை. அதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

கீர்த்தனா எங்களுக்கு ஒரே பிள்ளை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு, நிதித்துறை. அந்தப் பிரிவுக்குள் நுழைவதற்கே இரண்டு முறை விண்ணப்பித்தாள். அங்கே ஒரு நிபந்தனை. ஏதாவது ஒரு நிறுவனத்தின் நிதிப் பிரிவில் ஐந்து மாதம் வேலைப் பயிற்சி செய்ய வேண்டும். அந்த இடத்தைச் சென்ற ஆண்டு மார்ச் 28, மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். தவறினால் நிதிப் பிரிவிலிருந்து எடுத்துப் பொதுப் பிரிவில் போட்டுவிடுவார்கள். மேல்முறையீடு கிடையாது. விதிப் புத்தகத்தை நானே மூன்று முறை படித்துப் பார்த்தேன். ஓட்டை ஒன்றும் இல்லை. நன்றாக எழுதியிருந்தார்கள்.

ஜனவரியில் விண்ணப்பம் போட ஆரம்பித்தாள். அவளுடைய ரெசுமேயை நான் கேட்டு வாங்கினேன். அவள் கொடுக்கவில்லை, நான் வாங்கினேன். சிவப்புப் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். கடைசியில் ஒரு வரி இருந்தது: "கோயில் அன்னதானக் குழு, மூன்று ஆண்டுகள்." அதை அடித்தேன்.

"ஏன்ப்பா அதை அடிக்கிறீங்க?"

"வேலைக்கு அனுப்புற தாள்ல கோயில், சமயம் எல்லாம் வரக்கூடாது. தவிர, சாம்பார் ஊத்தினது அனுபவம் ஆகாது."

"நான் சாம்பார் ஊத்தலப்பா."

"சரி, ரசம்."

நல்ல நகைச்சுவை என்று நினைத்தேன். என் மனைவி லலிதா சிரிக்கவில்லை. கீர்த்தனா தாளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

முப்பத்தெட்டு இடத்துக்கு அனுப்பினாள். நான்கு இடத்திலிருந்து பதில் வந்தது. நான்கிலும் ஒரே மறுப்பு வாக்கியம். மற்ற முப்பத்து நான்கு இடத்திலிருந்தும் ஒன்றுமே இல்லை. கிடைத்தது என்றுகூடச் சொல்லவில்லை. எங்கள் காலத்தில் மறுப்பதாக இருந்தாலும் ஏழு வேலை நாளுக்குள் மறுப்போம். இந்த ஒழுங்கீனத்தைப் பற்றி வீட்டில் தினமும் பேசினேன். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு நாள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கீர்த்தனா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்க. என் பேப்பர் உங்க மேசைக்கு வந்திருந்தா, நீங்க கூப்பிட்டிருப்பீங்களா?"

நான் தண்ணீர் குடித்தேன். நிதானமாகக் குடித்தேன். தம்ளரைக் கீழே வைத்தபோதும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்த் தட்டைக் கழுவி வைத்தாள்.

எத்தனையோ பேருக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கும் எதிரே உட்கார்ந்து சொன்னதில்லை. அன்று என்னால் தொடர்ந்து சாப்பிட முடியவில்லை.

அதற்குப் பிறகு அவள் வெளியே போவதையே குறைத்துக்கொண்டாள். வகுப்புக்குப் போவாள், வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். "எல்லாரும் இன்டர்ன்ஷிப் கிடைச்சிருச்சான்னு கேக்கிறாங்கம்மா" என்று லலிதாவிடம் சொன்னாளாம். என்னிடம் சொல்லவில்லை.

நான் அம்மனிடம் போனேன். வெள்ளிக்கிழமைதோறும் காலையில் ஈசூனில் ரயிலேறி, தோபி காட் நிலையத்தில் வண்டி மாறி, கோயிலுக்குப் போய் அவள் பெயருக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்குவேன். சன்னிதியில் நின்று முறைப்படி சமர்ப்பிப்பேன். பொருள், பின்னணி, கோரிக்கை, கடைசித் தேதி. சிரிக்காதீர்கள். அம்மனுக்கே கடைசித் தேதி குறித்துக் கொடுத்தவன் நான். கோரிக்கை என்னவென்றால், பெரிய பதவியில் இருக்கும் பழைய நண்பர் யாரையாவது எனக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். அதாவது சிபாரிசு கேட்டேன். பதவியில் இருந்த காலத்தில் சிபாரிசோடு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியவன், அம்மன் சன்னிதியில் நின்று சிபாரிசு கேட்டேன்.

நான்கு வெள்ளி போனது. ஒன்றும் நடக்கவில்லை.

ஐந்தாவது வெள்ளி, மார்ச் 7. தீபாராதனை நேரம். வழக்கம்போல் "பொருள்" என்று மனத்துக்குள் ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. "தாயே, எனக்கு வழி தெரியல" என்று மட்டும் வாய்விட்டுச் சொன்னேன். அதைச் சொல்ல அறுபத்தாறு வயது ஆகியிருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

குங்குமம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். எதிரே கண்ணையா நின்றுகொண்டிருந்தார். நம் கோயில் அன்னதானச் சமையலுக்குப் பொறுப்பாளர் அவர்தான், உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு பள்ளி கேன்டீனில் கடை வைத்திருக்கிறார். வார நாளில் காலை நேரத்தில் கோயிலுக்கு வருவதே இல்லை.

"சார், பாப்பா எங்க?"

"வீட்லதான். உடம்பு சரியில்ல" என்றேன். சன்னிதிக்கு நேரே நின்று பொய்.

"நாலு வாரமாவா சார் உடம்பு சரியில்ல? எனக்கு இங்க தலை போவுது. போன ஞாயிறு ரெண்டு அண்டா சோறு மிச்சம். அதுக்கு முந்தின ஞாயிறு பன்னெண்டரைக்கே தீந்துபோச்சு. வரிசையில நின்ன பிள்ளைங்களை, ஊர்லேருந்து வேலைக்கு வந்த பிள்ளைங்க சார், வெறும் வயித்தோட அனுப்பினேன். பாப்பா நம்பர் குடுக்காம நான் எத்தனை படி அரிசி களையறது?"

"என்ன நம்பர்?"

கண்ணையா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாதா? உங்க சொந்தப் பொண்ணு லா!"

அப்படியே பிரகாரத்தில் உட்கார வைத்துக் கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினார். மூன்று ஆண்டாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் என் மகள் அவருக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். "அங்கிள், இந்த ஞாயிறு குறைஞ்சது 420, கூடினா 510. மழை வந்தா 420தான்." அடுத்தது: "சம்பள வாரம், நிறைய பேர் வெளிய சாப்பிடுவாங்க, 350 போதும், கூடினா 430." இன்னொன்றில் எண்களுக்குக் கீழே: "ஸ்கூல் லீவு, பாதிக் குடும்பம் ஊருக்குப் போயிருக்கும். ஆனா கோயில்ல கல்யாணம் இல்ல, அதனால ரொம்பக் குறையாது."

எப்போதும் இரண்டு எண். கண்ணையா சிறிய எண்ணுக்குச் சமைப்பார். மீதிக்குக் காய் மட்டும் நறுக்கி வைப்பார். ஞாயிறு பதினொரு மணிக்குக் கீர்த்தனா வெளியே போய்ச் செருப்பு வைக்கும் இடத்தில் எத்தனை ஜோடி சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவாளாம். "ரெண்டாவது அடுப்பைப் பத்த வைங்க அங்கிள்" என்றால் பற்ற வைப்பார். "வேணாம்" என்றால் காய் அடுத்த நாளைக்கு.

"மூணு வருஷத்துல சோறு கொட்டினது கிடையாது சார். ஒரே ஒரு தடவைதான் பத்தாமப் போச்சு. அதுக்கும் எவனோ பெரிசா கம்ப்ளெயின்ட் எழுதிட்டான்."

அந்த எவனோ பற்றிப் பிறகு வருகிறேன்.

அந்தச் செய்திகளை இன்னொரு முறை படித்தேன். எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டிக் கணிப்பது, தவறினால் எவ்வளவு தவறும் என்று சொல்வது, சரக்கை வீணாக்காமல் வைத்திருப்பது. ஒரு நிறுவனத்தின் நிதிப் பிரிவில் வேறென்ன செய்கிறார்கள்? அந்த வரியைத்தான் சிவப்புப் பேனாவால் அடித்தேன். ரசம் என்று வேறு சொன்னேன்.

தற்செயல் என்று சிலர் சொல்லலாம். கண்ணையாவிடமே கேட்டேன், வெள்ளிக்கிழமை காலையில் நீங்கள் எப்படி இங்கே என்று. பள்ளியில் விளையாட்டு விழா, எல்லாரும் திடலுக்குப் போய்விட்டார்கள், அதனால் கடை இல்லை என்றார். அந்தப் பள்ளி ஆண்டில் ஒரு நாள் விளையாட்டு விழா நடத்துகிறது. எனக்கு ஆயுளில் ஒரு நாள்தான் வழி தெரியாமல் போயிருக்கிறது. இரண்டும் ஒரே நாளில், ஒரே மணியில். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? நான் கேட்டது சிபாரிசு. அம்மன் கொடுத்தது திட்டு. எது எனக்குத் தேவை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்குப் போய் கீர்த்தனாவின் கதவைத் தட்டினேன்.

"அந்த வரியைத் திரும்பச் சேத்துடும்மா."

"எந்த வரி?"

"ரசம்."

கதவைத் திறந்தாள். "கண்ணையா அங்கிள் போட்டுக் குடுத்துட்டாரா?"

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன்ப்பா. நீங்க 'சரி, ரசம்'னீங்க."

சமையலறையிலிருந்து லலிதா குரல் கொடுத்தாள்: "முப்பத்தாறு வருஷம் ஆள் எடுத்தாராம்!"

நானே எழுதித் தருகிறேன் என்றேன். "வேணாம்ப்பா. நீங்க எழுதினா 'மேற்படி ஆலயத்தில்'னு ஆரம்பிப்பீங்க" என்றாள். அவளே எழுதினாள், ஒரே பக்கம். முதலில் சொன்னேனே, அந்த 3.5 நிறுவனம், பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சாப்பாடு சமைத்து அனுப்பும் நிறுவனம் அது. அலுவலகம் பிடோக் பக்கம். இணையத்தில் தேடி அதன் நிதிப் பிரிவுத் தலைவரின் பெயரைக் கண்டுபிடித்து, நேராக அவருக்கே அனுப்பப் போவதாகச் சொன்னாள்.

"அது முறை இல்லம்மா. பணியாளர் பிரிவு வழியாத்தான் போகணும்."

"முறையா அனுப்பினது முப்பத்தெட்டு, பா."

மார்ச் 12 அனுப்பினாள். இரண்டு நாளில் கூப்பிட்டார்கள். 19ஆம் தேதி நேர்முகம்.

நேர்முகத்தில் என்ன நடந்தது என்பது அவள் சொல்லித்தான் தெரியும். தலைவர் ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி. மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பு வைக்கும் இடத்தைப் பற்றிக் கால் மணி நேரம் கேட்டாராம். பிறகு, "உன் கணிப்பு எப்போது மோசமாகத் தவறியது?" என்று கேட்டார்.

கீர்த்தனா மறைக்கவில்லை. முந்தைய ஆண்டு தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிறு. காவடி எடுப்பவர்கள், பால்குடம் எடுப்பவர்கள் எல்லாரும் விரதம். வெளியே சாப்பிட மாட்டார்கள், கோயில் சாப்பாட்டுக்குத்தான் வருவார்கள். இதை அவள் மறந்துவிட்டாள். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அப்பா பால்குடம் எடுக்கும் வீட்டில் பிறந்த பெண், விரதத்தை மறந்துவிட்டாள். மழையைச் சேர்த்தாள், சம்பள வாரத்தைச் சேர்த்தாள், நாற்பது நாளாகத் தன் வீட்டு மேசையிலேயே நடந்துகொண்டிருந்ததைச் சேர்க்கவில்லை. நூறு பேருக்கு மேல் சாப்பாடு இல்லை. அவளே வரிசைக்குப் போய் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள்.

"அன்னிக்கு ஒருத்தர் நிர்வாகத்துக்கு மூணு பத்தியில புகார் எழுதினார். 'திட்டமிடலில் கடுமையான குறைபாடு'ன்னு. அது எங்கப்பா" என்றும் சொன்னாளாம்.

ஆம். நான்தான். விரதத்தோடு வந்து சோறு கிடைக்காமல் திரும்பியவன். வரிசையில் வந்து மன்னிப்புக் கேட்ட என் மகளிடமே, "உன்னைச் சொல்லலம்மா, இதுக்குப் பொறுப்பான ஆள் யாருன்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கடிதம் எழுதினேன். நிர்வாகம் அதை அவளிடம் கொடுத்திருக்கிறது. அவள் ஓராண்டாக வீட்டில் மூச்சு விடவில்லை. விரத நாள்களுக்குத் தனியாக ஒரு பட்டியல் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறாள்.

அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாராம். ஆனால் கடைசியில் சொன்னது இது: "எனக்கு நீ வேண்டும். ஆனால் உன் மதிப்பெண்ணுக்குப் பணியாளர் பிரிவு விலக்கு தர வேண்டும். அது என் கையில் இல்லை."

பணியாளர் பிரிவு. அதாவது நான். விலக்குக் கேட்டு ஒரு கோப்பு வந்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அடியில் வைப்பார்கள். கேட்டவர் மறக்கும்வரை வைப்பார்கள். நான் வைத்திருக்கிறேன். இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

21ஆம் தேதி வெள்ளிக்கிழமை சன்னிதியில் நின்றபோது பொருளும் இல்லை, கடைசித் தேதியும் இல்லை. எங்கேயோ பிடோக்கில் ஒரு மேசையில் முகம் தெரியாத யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்காக வேண்டினேன். "தாயே, அவங்க என்னை மாதிரி இல்லாம இருக்கட்டும்." பிறகு நான் அடியில் வைத்த கோப்புகள் ஞாபகம் வந்தன. பெயர்கள் சில ஞாபகம் வந்தன. அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். அன்று நெடுநேரம் நின்றேன். வெளியே வந்தபோது மனம் லேசாக இருந்தது. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் என் பிள்ளை மட்டமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அதை அவளிடமும் சொன்னேன். பிப்ரவரியில் அவள் கேட்ட கேள்விக்கும் பதில் சொன்னேன். "கூப்பிட்டிருக்க மாட்டேன்ம்மா. தப்பு என்னோடது." அவள் அழுதாள். நானும்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அன்னதானக் கூடத்தில் பூசணிக்காய் நறுக்குகிறேன். கண்ணையாவுக்குக் கீழே வேலை. ஆலோசனை சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. இரண்டு முறை மீறினேன், இரண்டு முறையும் வெங்காயத்துக்கு மாற்றிவிட்டார். என் புளோக்கில் யாராவது படிவத்தோடு வந்தால், பேனாவை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்கிறேன்: "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீங்க?" என்னென்னவோ சொல்கிறார்கள். இத்தனை வருஷம் கேட்காமல் விட்டதற்கு வெட்கமாக இருக்கிறது.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது இன்று பதில் வராத விண்ணப்பம் ஏதாவது இருக்கும். வேலைக்கோ, வீட்டுக்கோ, பிள்ளைக்கோ. உங்களுக்குத் தெரிந்த வழியெல்லாம் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதன் பிறகு அம்மனிடம் வந்து, தெரியவில்லை என்று சொல்லுங்கள். அவளிடம் போன எதுவும் அடியில் கிடப்பதில்லை. பதில் நீங்கள் கேட்ட வடிவத்தில் வராது. யாராவது வந்து திட்டினால், கொஞ்சம் நின்று கேளுங்கள்.

கெடுவின் கடைசி நாளில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அன்றும் வெள்ளிக்கிழமை. கோயிலுக்குள் கைத்தொலைபேசியை அணைத்து வைக்கும்படி அறிவிப்பு இருக்கிறது. அதைக் கடைப்பிடிக்கும் ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். பூசை முடிந்து, வெளியே கால் கழுவும் குழாயடியில் நின்று தொலைபேசியை உயிர்ப்பித்தேன். பதினேழு அழைப்பு. எல்லாம் லலிதா.

"எங்கதான் போனீங்க?" என்று ஆரம்பித்தவளிடமிருந்து கீர்த்தனா தொலைபேசியை வாங்கினாள்.

"அப்பா, வந்திருச்சுப்பா. மே மாசம் அஞ்சாம் தேதி சேரச் சொல்லியிருக்காங்க. விலக்கு குடுத்துட்டாங்க."

பழக்கம் விடுமா? எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, அழுதுகொண்டே, தேதியோடு சேர்த்துப் படித்தாள்: மார்ச் 28, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று நாற்பது.